வயதும் சிறுநீரகமும்
(மூத்தோர் நிலையத்தில் தமிழில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவர்களும் தாதியரும் மருந்தாளர்களும் ஆங்கிலத்தில் எழுதுவதைத் தமிழில் தருவது என் வேலை. இன்று நான் சொல்லப்போவதும் அவர்கள் சொன்னதுதான். உங்கள் உடம்பைப் பற்றி முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு நீங்கள் வீடு திரும்பினால் எனக்கு அது போதும்.

பலதுறை மருந்தகத்தில் இரத்தப் பரிசோதனை முடிந்து முடிவு வருகிறது. “சிறுநீரகச் செயல்பாடு சற்றுக் குறைந்துள்ளது” என்று மருத்துவர் சொல்கிறார். இதைக் கேட்டதும் நம்மவர்கள் இரண்டு விதமாக எடுத்துக்கொள்கிறார்கள். சிலர், “ஐயோ, கிட்னி போய்விட்டது, இனி வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தில்தான் படுக்க வேண்டும்” என்று அன்றிரவு முழுதும் தூங்குவதில்லை. இன்னும் சிலர், “வயசானா எல்லாருக்கும் இப்படித்தான்” என்று அறிக்கையை மடித்து வைத்துவிடுகிறார்கள். அதன்பின் அதைத் திறந்தே பார்ப்பதில்லை.

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. வயது காரணமாகக் குறைவது ஒரு பங்கு. நோயால் குறைவது இன்னொரு பங்கு. நாமே தெரியாமல் கெடுத்துக்கொள்வது மூன்றாவது பங்கு. முதல் பங்கை யாராலும் நிறுத்த முடியாது. மற்ற இரண்டிலும் நம்மால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

சிறுநீரகம் என்ன செய்கிறது?

நம் முதுகுப் பக்கம், விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியை ஒட்டி, இரு புறமும் ஒவ்வொரு சிறுநீரகம் இருக்கிறது. ஒவ்வொன்றும் நம் கைமுட்டி அளவுதான். அந்தச் சிறிய உறுப்புகள் இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதியை உடம்புக்கே திருப்பித் தந்துவிட்டு, கழிவுகளோடு ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியே அனுப்புகின்றன.

வடிகட்டுவதோடு வேலை முடிவதில்லை. உப்பும் பொட்டாசியமும் அளவோடு இருக்கும்படி பார்த்துக்கொள்வது, இரத்த அழுத்தத்தைச் சீராக வைக்க உதவுவது, இரத்தச் சிவப்பணுக்கள் உற்பத்தியாகத் தேவையான ஹார்மோனைச் சுரப்பது, எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி சத்தைப் பயன்படும் நிலைக்கு மாற்றுவது, நாம் விழுங்கும் பல மருந்துகளை வேலை முடிந்ததும் வெளியேற்றுவது, எல்லாமே சிறுநீரகத்தின் பொறுப்பு. கடைசியாகச் சொன்ன மருந்து விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

வயது என்ன செய்கிறது?

சிறுநீரகத்துக்குள் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. இளமையில் ஒரு சிறுநீரகத்தில் சராசரியாக 10 லட்சம் இருக்கும். சிறுநீரகத்தைத் தானம் செய்ய முன்வந்த ஆரோக்கியமானவர்களை அமெரிக்காவில் ஆராய்ந்து 2017ல் வெளியிட்டார்கள். 18 முதல் 29 வயதுள்ளவர்களுக்கு ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 9 லட்சத்து 90 ஆயிரம் நல்ல வடிகட்டிகள் இருந்தன. 70 முதல் 75 வயதுள்ளவர்களுக்கு ஏறத்தாழ 5 லட்சத்து 20 ஆயிரம். கவனியுங்கள், இவர்கள் நோயாளிகள் இல்லை. தானம் கொடுக்கும் அளவுக்கு நலமாக இருந்தவர்கள். அவர்களுக்கே பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது.

அப்படியென்றால் அவர்கள் எப்படி நலமாக இருந்தார்கள்? இயற்கை நமக்குத் தேவைக்கு மேல் கொடுத்திருக்கிறது. ஒரு சிறுநீரகத்தைத் தானம் செய்துவிட்டு மற்றொன்றோடு பல ஆண்டுகள் நன்றாக வாழ்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே வயதானபின் நம்மிடம் இருப்பது அன்றாட வேலைக்குப் போதும். ஆனால் கையிருப்பு குறைந்துவிடுகிறது. வேலை பார்த்த காலத்தில் திடீரென ஒரு செலவு வந்தால் சமாளித்தோம். ஓய்வுபெற்ற பிறகு அதே செலவு வந்தால் சேமிப்பு ஆட்டம் காண்கிறது அல்லவா? சிறுநீரகமும் அப்படித்தான். சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தவறான மாத்திரை என்று ஏதாவது வரும்போதுதான் கையிருப்பு இல்லாதது தெரியும்.

வடிகட்டும் வேகம் 40 வயதுக்குப் பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு புள்ளி குறையும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் இது எல்லாருக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை. அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் பல ஆண்டுகளாக ஒரே ஆட்களைத் தொடர்ந்து பரிசோதித்து 1985ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சராசரியாக ஆண்டுக்கு முக்கால் புள்ளி குறைந்தது. ஆனால் மூன்றில் ஒருவருக்குக் குறையவே இல்லை. ஆகவே, “இந்த வயதில் எல்லாருக்கும் இப்படித்தான்” என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது.

வயதோடு வரும் இன்னும் இரண்டு மாற்றங்களை நீங்களே உணர்ந்திருப்பீர்கள். இளமையில் சிறுநீரகம் இரவில் சிறுநீரைக் கெட்டியாக்கி அளவைக் குறைத்துவிடும். வயதானபின் அந்தத் திறன் குறைவதால் இரவில் ஒரு முறையாவது எழ வேண்டியிருக்கிறது. ஆனால் அடிக்கடி எழுகிறீர்கள் என்றால் வயதின் மேல் பழி போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீரிழிவு, புரோஸ்டேட் சுரப்பி வீக்கம், இருதயக் கோளாறு இவற்றாலும் அப்படி ஆகலாம். இரண்டாவது மாற்றம், தாகம் எடுப்பது குறைகிறது. உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும், நாக்கு கேட்காது. ஆகவே தாகம் எடுத்தால்தான் குடிப்பேன் என்று இருக்கக் கூடாது.

இரண்டு பரிசோதனை, இரண்டு எண்

சிறுநீரகம் நலமாக இருக்கிறதா என்பதை உடம்பு சொல்லாது. வலி இருக்காது. பலர் முதுகு வலித்தால் கிட்னி என்று பயப்படுகிறார்கள். வயதானவர்களின் முதுகுவலி பெரும்பாலும் தசையிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது. சிறுநீரகத்தின் செயல்பாடோ சத்தமில்லாமல் குறையும். கால் வீக்கம், மூச்சுவாங்குதல், வாந்தி, அரிப்பு என்று உடம்பு காட்டும்போது பெரும்பகுதி போயிருக்கும். அதனால் பரிசோதனை ஒன்றுதான் வழி.

முதல் பரிசோதனை இரத்தம். அதில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளை அளக்கிறார்கள். இது நம் தசையிலிருந்து வருவது. இங்கேதான் வயதானவர்கள் ஏமாறக்கூடிய இடம் இருக்கிறது. வயதாக ஆகத் தசை குறைகிறது. தசை குறைந்தால் கிரியாட்டினினும் குறைவாகவே உற்பத்தியாகும். ஆகவே சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் அந்த எண் பார்வைக்குச் சாதாரணமாகத் தெரியலாம். ஓர் உதாரணம் சொல்கிறேன். 30 வயது ஆண் ஒருவருக்கும் 78 வயது அம்மா ஒருவருக்கும் கிரியாட்டினின் ஒரே அளவு, 90 என்று வைத்துக்கொள்வோம். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்த இளைஞருக்கு வடிகட்டும் வேகம் ஏறத்தாழ 100. அம்மாவுக்கோ 55 அளவில்தான் வரும்.

அந்தக் கணக்கு போட்டு வரும் எண்ணுக்குத்தான் இஜிஎஃப்ஆர் என்று பெயர். அறிக்கையில் ஆங்கிலத்தில் நான்கு எழுத்தாக இருக்கும். கிரியாட்டினினைப் பார்ப்பதோடு நிற்காமல் இந்த எண்ணைக் கேளுங்கள்.

90க்கு மேல் என்றால் நல்ல நிலை. 60 முதல் 89 வரை என்பது, சிறுநீர்ப் பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லாதவரை, முதுமையில் பொதுவாகக் கவலைப்பட வேண்டியதில்லை. 60க்குக் கீழே இறங்கி மூன்று மாதங்களுக்கு மேலும் அப்படியே இருந்தால் அதை நாள்பட்ட சிறுநீரக நோய் என்கிறார்கள். 15க்குக் கீழ் போனால்தான் செயலிழப்பு என்கிறார்கள். ஆக, 55 என்று பார்த்ததும் டயாலிசிஸ் என்று நினைக்க வேண்டாம். இடையில் வெகுதூரம் இருக்கிறது.

இரண்டாவது பரிசோதனை சிறுநீர். அதில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்க்கிறார்கள். நல்ல வடிகட்டி புரதத்தை வெளியே விடாது. கசிகிறது என்றால் வடிகட்டி கிழியத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். இரத்தத்தில் உள்ள எண் நன்றாக இருக்கும்போதே இந்தக் கசிவு தொடங்கிவிடலாம். குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களுக்கு இதுதான் முதல் அறிகுறி. பலர் இரத்தம் கொடுப்பார்கள், சிறுநீர்ப் புட்டியைக் கொடுத்தால் “வேண்டாம், நேரமாகிறது” என்று விட்டுவிட்டுப் போவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

வயதா, நோயா என்று பிரித்துச் சொல்ல மருத்துவருக்கு உதவுவது இந்த இரண்டு எண்களும் அவை ஆண்டுக்கு ஆண்டு போகும் போக்கும்தான். 75 வயதில் ஒருவருக்கு 55 என்று இருக்கிறது, சிறுநீரில் புரதம் இல்லை, மூன்று ஆண்டுகளாக அதே அளவில் நிற்கிறது என்றால், அவர் செயலிழப்பு வரை போகும் வாய்ப்பு குறைவு. இன்னொருவருக்கு 70 இருக்கிறது, ஆனால் சென்ற ஆண்டு 80, அதற்கு முந்தைய ஆண்டு 90, சிறுநீரில் புரதமும் போகிறது என்றால், எண் பெரிதாக இருந்தாலும் கவலைப்பட வேண்டியவர் அவர்தான். ஆகவே ஓர் அறிக்கையை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹெல்த்ஹப் செயலியில் பலதுறை மருந்தக, அரசாங்க மருத்துவமனைப் பரிசோதனை முடிவுகளைப் பார்க்கலாம். கைத்தொலைபேசி பழக்கமில்லை என்றால் பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ எழுதித் தரச் சொல்லுங்கள். ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தின்கீழ் ஒரே குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொண்டு அவரையே தொடர்ந்து பார்ப்பதில் உள்ள நன்மையும் இதுதான். உங்கள் பழைய எண் அவருக்குத் தெரியும்.

நம் வீடுகளில் நீரிழிவு

சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளாகும் மூவரில் இருவருக்கு நீரிழிவுதான் காரணம். அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் 2017ஆம் ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் இந்த நோயைப் பற்றி விரிவாகப் பேசினார். 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் பத்தில் ஆறு பேருக்கு நீரிழிவு இருப்பதாக அவர் அப்போது கூறினார். ஆகவே இந்த அறையில் பாதிப் பேருக்கு மேல் இது சொந்த விஷயம்.

இரத்தத்தில் சர்க்கரை அதிகமாக ஓடினால் வடிகட்டியின் நுண்குழாய்கள் கெடும். இரத்த அழுத்தம் அதிகமாக இருந்தால் அதே குழாய்கள் அடிபடும். இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது இரத்தம், சிறுநீர் இரண்டையும் பரிசோதிக்க வேண்டும்.

எந்த மாத்திரைக்குப் பயப்பட வேண்டும்?

நம்மவர்களிடையே ஒரு நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. “தினமும் இவ்வளவு மாத்திரை சாப்பிட்டால் கிட்னி கெட்டுவிடும்.” இதை நம்பி நீரிழிவு மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மருத்துவரிடம் சொல்வதில்லை.

உண்மை நேர்மாறானது. சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் இரத்த அழுத்தமும். மாத்திரை அவற்றைக் கட்டுப்படுத்துகிறது. சில இரத்த அழுத்த மருந்துகளும், புதிதாக வந்துள்ள சில நீரிழிவு மருந்துகளும் சிறுநீரகத்தைப் பாதுகாப்பதற்கென்றே கொடுக்கப்படுகின்றன. மெட்ஃபார்மின் மாத்திரையைச் சில சமயம் மருத்துவர் குறைப்பார் அல்லது நிறுத்துவார். உடனே, “பார்த்தீர்களா, அதுதான் கிட்னியைக் கெடுத்தது” என்பார்கள். அது அப்படியில்லை. சிறுநீரகம் தளர்ந்தால் அந்த மருந்து வெளியேறாமல் உடம்பில் தங்கும். அதனால் அளவைக் குறைக்கிறார்கள். மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்ததால் இல்லை.

அப்படியானால் எந்த மாத்திரைக்குப் பயப்பட வேண்டும்? வலி மாத்திரைக்கு. ஐபுபுரூஃபன், டைக்லோஃபினாக், நாப்ராக்சன், மெஃபனாமிக் அமிலம், எட்டோரிகாக்சிப் போன்றவை. மூட்டுவலிக்கும் பல்வலிக்கும் இவை நன்றாகவே வேலை செய்யும். ஆனால் வயதானவர்களின் சிறுநீரகத்துக்கு இரத்தம் போகும் குழாயை உடம்பு சிரமப்பட்டுத் திறந்து வைத்திருக்கிறது. இந்த மாத்திரைகள் அதைச் சுருக்கிவிடும். மருத்துவர் பார்த்து, குறைந்த நாள்களுக்குக் கொடுத்தால் வேறு. ஜொகூர் பாருவில் வாங்கியது, ஊருக்குப் போனபோது மருந்துக் கடையில் அட்டை அட்டையாக வாங்கி வந்தது, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது, இவைதான் ஆபத்து.

இதை என் வீட்டிலேயே பார்த்தேன். என் அம்மாவுக்கு 71 வயது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவார். அவருடைய எண் 62. சென்ற ஆண்டு மூன்று நாள் வயிற்றுப்போக்கு. சரியாகச் சாப்பிடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. ஆனால் இரத்த அழுத்த மாத்திரையை விடவில்லை. அதோடு முழங்கால் வலிக்கு, ஊரிலிருந்து வந்த உறவினர் கொடுத்த மாத்திரையைக் காலையும் மாலையும் போட்டிருக்கிறார். நான்காம் நாள் எழ முடியவில்லை. சிறுநீர் மிகக் குறைவாகப் போயிருக்கிறது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது எண் 24. ஆறு நாள் அங்கே இருந்தோம். டயாலிசிஸ் தேவைப்படவில்லை. மெல்ல மெல்ல ஏறி, இப்போது 51ல் நிற்கிறது. 62க்குத் திரும்பவில்லை.

“வலி மாத்திரை சாப்பிட்டீர்களா?” என்று மருத்துவர் கேட்டபோது அம்மா இல்லை என்றுதான் சொன்னார். பொய் சொல்லவில்லை. “டாக்டர் கொடுத்ததுதானே மருந்து, இது சும்மா கால் வலிக்கு” என்று நினைத்திருக்கிறார். வலி மாத்திரையைப் பற்றிய எச்சரிக்கையை எத்தனையோ முறை தமிழில் எழுதிக் கொடுத்தவள் நான். அம்மாவின் இழுப்பறையை ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன். மருத்துவர் “என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டால், அவர் கொடுத்ததை மட்டும் சொல்லாதீர்கள். வாயில் போடும் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

அதில் லேகியம், பஸ்பம், கஷாயம், இணையத்தில் வாங்கிய மூலிகை மாத்திரை எல்லாமே அடக்கம். மூலிகை என்பதால் கெடுதல் இல்லை என்று சொல்ல முடியாது. ஆடுதின்னாப்பாளை, ஈசுரமூலி போன்ற செடிகளில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும் என்று உறுதியாகியிருக்கிறது. மூட்டுவலிக்கு என்று விற்கப்படும் சில பொருள்களில் லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டும் வலி மருந்தும் கலந்திருந்ததைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. “ஒரே நாளில் வலி பறந்துவிட்டது” என்றால் சந்தேகப்படுங்கள்.

வலிக்கு என்ன செய்வது? பாராசிட்டமால் மாத்திரையைச் சொன்ன அளவுக்கு மேல் போகாமல் சாப்பிடுவது பெரும்பாலோருக்குப் பாதுகாப்பானது. உடற்பிடிப்புப் பயிற்சி, ஒத்தடம் இவற்றைப் பற்றியும் கேளுங்கள். இன்னொரு விஷயம். இருதயத்துக்காக மருத்துவர் கொடுத்த சிறிய அளவு ஆஸ்பிரினை இந்தப் பேச்சைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அது வேறு காரணத்துக்காகக் கொடுக்கப்படுவது.

உடம்பு சரியில்லாத நாள்

வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல் வந்து சாப்பிடவும் குடிக்கவும் முடியாத நாளில் சில மருந்துகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கலாம். சில இரத்த அழுத்த மருந்துகள், நீர் பிரிய வைக்கும் மாத்திரை, மெட்ஃபார்மின், சில புதிய நீரிழிவு மாத்திரைகள் அந்தப் பட்டியலில் வரும். ஆனால் எதை நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். இன்சுலினை நீங்களாக நிறுத்தவே கூடாது. ஆகவே நலமாக இருக்கும்போதே, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, “எனக்கு வயிற்றுப்போக்கு வந்தால் எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும்?” என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள்.

தைப்பூசம், தீமிதி என்று விரதம் இருப்பவர்களும் ரமலான் நோன்பு நோற்பவர்களும் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. மருந்து நேரத்தை மாற்றித் தருவார். ஸ்கேன் எடுக்க இரத்தக் குழாயில் சாயம் ஏற்றப்போகிறார்கள் என்றால், உங்கள் சிறுநீரக எண்ணை அங்குள்ளவர்களிடம் சொல்லுங்கள்.

உணவும் தண்ணீரும்

2022ஆம் ஆண்டின் தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, சிங்கப்பூரில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொள்கிறார். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 2,000 மில்லிகிராமுக்குள். அதாவது ஒரு தேக்கரண்டி உப்பு. சமையலில் போடும் உப்பு மட்டும் இல்லை. ஊறுகாய், அப்பளம், கருவாடு, உடனடி நூடல்ஸ், சாஸ், உணவங்காடியில் வாங்கும் குழம்பு எல்லாவற்றிலும் இருக்கிறது. குழம்பைக் குறைவாக ஊற்றச் சொல்லுங்கள். புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், கறிவேப்பிலை நம் சமையலில் இருக்கும்போது உப்பைக் குறைப்பது நமக்கு அவ்வளவு கடினமில்லை.

கடைகளில் சோடியம் குறைந்த உப்பு கிடைக்கிறது. பலருக்கு அது நல்லது. ஆனால் அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குப் பொட்டாசியம் இரத்தத்தில் ஏறி இருதயத் துடிப்பைப் பாதிக்கலாம். இளநீருக்கும் இதே எச்சரிக்கை உண்டு. உங்கள் எண் குறைவு என்றால் கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள்.

பெலிம்பிங் என்று நாம் சொல்லும் நட்சத்திரப் பழத்தைச் சிலர் இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று சாறு பிழிந்து குடிக்கிறார்கள். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அது நஞ்சு. விடாத விக்கல், குழப்பம், வலிப்பு வரை போகும். உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

தண்ணீர் எவ்வளவு குடிப்பது? பெரும்பாலோருக்கு நாளுக்கு ஆறு முதல் எட்டுக் குவளை போதும். நிறையக் குடித்தால் கிட்னி கழுவிச் சுத்தமாகும் என்பது சரியில்லை. இருதயப் பலவீனம் உள்ளவர்களுக்கும் கால் வீக்கம் உள்ளவர்களுக்கும் மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். பகலில் பிரித்துப் பிரித்துக் குடித்து, படுக்கப்போகும் முன் குறைத்துக்கொண்டால் இரவில் எழுவதும் குறையும்.

எண் குறைந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் பருப்பு, முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்திக் கஞ்சி மட்டும் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். வயதானவர்களுக்கு அதனால் தசை கரையும், கீழே விழுவார்கள். எதைக் குறைப்பது என்பதை மருத்துவரும் உணவு நிபுணரும் சொல்லட்டும்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

சிறுநீர் திடீரென மிகவும் குறைந்தால், சிறுநீரில் இரத்தம் தெரிந்தால், முகமோ காலோ வீங்கினால், மூச்சு வாங்கினால், வயிற்றுப்போக்கோ வாந்தியோ ஒரு நாளுக்கு மேல் நிற்காமல் தலை சுற்றினால், அல்லது எப்போதும் தெளிவாகப் பேசுபவர் திடீரெனக் குழம்பினால், அடுத்த மருத்துவ நாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சிறுநீர் தொடர்ந்து நுரைத்துக்கொண்டு போனால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டுக்குப் போனதும்

மூன்று காரியங்கள் செய்யுங்கள். ஒன்று, கடைசியாக எடுத்த பரிசோதனை அறிக்கையைத் தேடி இஜிஎஃப்ஆர் எண்ணையும் சிறுநீர்ப் புரத எண்ணையும் ஒரு தாளில் தேதியோடு எழுதுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை செய்யவே இல்லை என்றால் அடுத்த முறை கேளுங்கள். இரண்டு, இழுப்பறை, கைப்பை, சாமி அறை அலமாரி எங்கெங்கே மாத்திரை இருக்கிறதோ எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ காட்டுங்கள். யாரும் திட்டமாட்டார்கள். மூன்று, உடம்பு சரியில்லாத நாளில் எதை நிறுத்துவது என்று எழுதி வாங்குங்கள்.

அம்மாவிடம் இப்போது அப்படி ஒரு தாள் இருக்கிறது. 62, 24, 38, 47, 51, 51 என்று வரிசையாகத் தன் கையால் எழுதி வைத்திருக்கிறார். கடைசி இரண்டு முறையும் 51. “இது இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்” என்கிறார். மருத்துவரும் அதையேதான் சொன்னார்.

உங்கள் எண் என்னவாக இருந்தாலும் அது அங்கேயே நிற்கட்டும் என்று வாழ்த்துகிறேன்.